ஒரு கைக்கடிகாரத்தின் வயது

நம் வீடுகளில் பழம்பொருள் என்று ஏதேனும் ஒன்று இருக்கும். ஒரு வீட்டில் வெற்றிலைச் செல்லம், இன்னொரு வீட்டில் பித்தளை விளக்கு, மற்றொரு வீட்டில் நெல் அளந்த மரக்கால். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அக்கதையைப் பெரியோர் சொல்ல நாம் கேட்கிறோம். நாம் சொல்ல நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். பொருளைக் கதையோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் நமக்கு எளிதில் எழுவதில்லை. எனக்கும் எழவில்லை. நான் வரலாறு கற்பித்த ஆசிரியன். ஆயினும் என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் வரலாற்றை நான் தவறாகவே அறிந்திருந்தேன். அதனைத் தவறாகவே மாணவர்க்கும் கற்பித்தேன். அப்பிழையைக் கண்டுகொண்ட விதத்தையும், பழைய கைக்கடிகாரம் ஒன்றை இன்னதென்று அறிந்து அதன் காலத்தைக் கணிக்கும் முறையையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

என் பாட்டனார் முதல் உலகப் போரின்போது மெசபொட்டேமியாவுக்குச் சென்றவர். இன்றைய ஈராக் நாடே அது. அந்தப் போர்முனையில் பணிபுரிந்த இந்தியர் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். துப்பாக்கி ஏந்தியோர் மட்டுமல்லர். சுமை தூக்கியோரும், பாதை அமைத்தோரும், கோவேறு கழுதை ஓட்டியோரும் அவர்களுள் அடங்குவர். பாட்டனார் சுமை தூக்கும் படையில் சேர்ந்து, பஸ்ரா துறைமுகத்தில் பணியாற்றித் திரும்பினார். அங்கே 1917ஆம் ஆண்டில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவருடைய உழைப்பை மெச்சி அளித்தது இந்தக் கடிகாரம் என்பது எங்கள் குடும்பக் கதை. பாட்டனாருக்குப்பின் என் தந்தையார் கட்டினார். தந்தையாருக்குப்பின் அது என்னிடம் வந்தது. "பஸ்ரா கடிகாரம்" என்பதே வீட்டில் அதற்குப் பெயர்.

ஒன்பதாம் வகுப்பில் முதல் உலகப் போர்ப் பாடம் நடத்தும் நாள்தோறும் அதனைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். "இதோ, பாக்தாத் வீழ்ந்த ஆண்டைக் கண்ணால் கண்ட கடிகாரம்" என்பேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்ப்பார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இவ்வாறு செய்தேன். ஓராண்டு மாணவி ஒருத்தி கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, 1917 என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?" என்று வினவினாள். "எழுதியிருந்தால்தான் நம்புவாயோ? போய் உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் முகம் வாடி அமர்ந்தாள். அவள் கேட்ட கேள்வியே வரலாற்றுக் கல்வியின் முதற்கேள்வி என்பதை நான் அன்று உணரவில்லை.

ஓய்வு பெற்றபின், 2019ஆம் ஆண்டில் கடிகாரம் நின்றுபோயிற்று. நாகர்கோவில் மணிமேடைக்கு அருகில் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் முதிய பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். மணிமேடையை நீங்கள் அறிவீர்கள். திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில், 1893ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடிகாரக் கோபுரம் அது. அக்காலத்தில் கடிகாரம் என்பது பெரும்பாலும் பொதுப்பொருள். செல்வர் சிலர் சட்டைப்பையில் சங்கிலி கோத்த கடிகாரம் வைத்திருப்பர். ஏனையோர் மணியோசை கேட்டும், வெயிலின் நிழலைப் பார்த்தும் பொழுதறிந்தனர்.

சட்டைப்பையில் இருந்த கடிகாரம் மணிக்கட்டுக்கு வந்தது எவ்வாறு? மயிரிழைபோன்ற சுருள்வில்லைக் கடிகாரத்தில் அமைக்கும் முறையை ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675இல் வெளியிட்டார். அதன்பின் சிறு கடிகாரங்களும் ஓரளவு சரியாக ஓடத் தொடங்கின. ஆயினும் மேலைநாடுகளில் நெடுங்காலம் கையில் கடிகாரம் கட்டுவது பெண்டிர்க்குரிய அணியாகவே கருதப்பட்டது. முதல் உலகப் போர் இவ்வழக்கத்தை மாற்றிற்று. குறித்த நிமிடத்தில் தாக்குதல் தொடங்கவேண்டிய வீரன், பதுங்குகுழியில் நின்று சட்டைப்பையைத் துழாவிக் கொண்டிருக்க இயலாது. ஆகவே சட்டைப்பைக் கடிகாரத்தின் இருபுறமும் கம்பி வளையங்களைப் பற்றவைத்து, அவற்றில் தோல்வாரைக் கோத்துக் கையில் கட்டினர். இந்தக் கம்பி வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதனிடம் திரும்பி வருவோம்.

பழுதுபார்க்கும் பெரியவர் கடிகாரத்தை வாங்கி, கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகிக்கொண்டார். "இதன் வயது என்ன என்று நினைக்கிறீர்கள்?" என்றார். "நூற்றிரண்டு" என்றேன் பெருமிதத்தோடு. அவர் மறுமொழி கூறாமல், "வெளியிலிருந்து உள்ளே போவோம்" என்றார். கல்வெட்டு ஆராய்ச்சி செய்வோரும் அவ்வாறே செய்வர். முதலில் கல் இருக்கும் இடம், பிறகு எழுத்தின் வடிவம், பிறகு செய்தி.

முதற்சான்று டயல். அதில் "வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி" என்றும், அதன்கீழ் "சவார் பிரைமா" என்றும், அடியில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டது என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. வெஸ்ட் எண்ட் என்பது 1886ஆம் ஆண்டு முதல் பம்பாயை நடுவிடமாகக் கொண்டு சுவிஸ் கடிகாரங்களை விற்ற நிறுவனம். சவார் என்பது குதிரைப்படை வீரனைக் குறிக்கும் சொல். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்நிறுவனத்தின் கடிகாரங்கள் படைவீரரிடையே வழங்கியதும் உண்மை. இதைக் கேட்டதும் என் பெருமிதம் இன்னும் உயர்ந்தது. பெரியவரோ, "பெயர் இருந்தது என்பதால் கடிகாரமும் அன்று இருந்தது ஆகாது" என்றார். ஒரே பெயரில் ஐம்பது ஆண்டுகள் கடிகாரம் விற்றவர்கள் உண்டு. மேலும் டயலில் உள்ள பெயர் செய்தவர் பெயராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் விளங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற விற்பனையாளர் தம் பெயரைப் பொறித்து விற்ற கடிகாரங்களும் பல. டயலை அழித்து மீண்டும் வண்ணம் தீட்டிப் பெயர் அச்சிடுவதும் உண்டு. அத்தகைய டயலில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். நிமிடக் கோடுகள் ஒழுங்கு தவறியிருக்கும். என் கடிகாரத்தின் டயல் பழுப்பேறியிருந்தாலும் எழுத்துகள் கூர்மையாக இருந்தன.

இரண்டாம் சான்று கூடு. தோல்வாரைப் பிடிக்கும் காதுகள் கம்பி வளையங்களாக இல்லை. கூட்டோடு ஒன்றாகச் செய்த தடித்த காதுகள், இடையே வில்லூசி. பின்மூடியில் துருப்பிடிக்காத எஃகு என்னும் குறிப்பு இருந்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி அத்தகைய எஃகை உருவாக்கியது 1913ஆம் ஆண்டில். கடினமான அந்த எஃகைக் கடிகாரக் கூடாக வார்த்துக் கடையும் வழக்கம் பரவலானது 1930களில்தான். போர்க்காலத்துக் கைக்கடிகாரங்கள் பெரும்பாலும் வெள்ளியாலோ நிக்கலாலோ ஆனவை. இங்கே என் உள்ளத்தில் முதல் ஐயம் எழுந்தது.

மூன்றாம் சான்று பின்மூடியின் வெளிப்புறத்தில் இருந்தது. கையால் செதுக்கிய சிறு எழுத்துகள், தேய்ந்து மங்கியவை. "1122" என்னும் எண் தெரிந்தது. மாணவர் பலரும் பார்த்த எண்தான் அது. கேட்டவர்க்கெல்லாம் அது தொழிற்சாலை இட்ட எண் என்று நானே விளக்கம் கூறியிருக்கிறேன். பெரியவர் சாய்வாக விளக்கொளி படும்படி மூடியைப் பிடித்தார். எண்ணுக்குப்பின் "மாசி 12" என்று தமிழில் இருந்தது! தொழிற்சாலை எண்ணுக்குப் பின்னால் மாசி மாதம் வருமா? எங்கள் நாஞ்சில் நாட்டில் பிறந்த ஒருவன் அதனை முப்பது ஆண்டுகள் உணராதிருந்தது வெட்கத்துக்குரியது. அது கொல்லம் ஆண்டு.

இளைஞர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணையும் முன்னர் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. நம் முன்னோரின் பத்திரம், பாட்டோலை, ஜாதகம், திருமண அழைப்பு யாவும் கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டிலேயே எழுதப்பட்டன. இங்கே அவ்வாண்டு ஆவணி முதல் நாளில் பிறக்கும். ஆகவே ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதியில் வரும் டிசம்பர் இறுதிவரை 824ஐக் கூட்டவேண்டும். அதன்பின் ஆடிவரை 825ஐக் கூட்டவேண்டும். 1122 மாசி என்றால் 1122ஓடு 825. அதாவது 1947ஆம் ஆண்டு. மாசி 12 பிப்ரவரி 24ஐ ஒட்டி வரும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்களைக் கவிஞராகவே பலர் அறிவர். அவர் நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்து ஆராய்ந்தவரும் ஆவார். கல்லின் முதுகில் அவர் தேடிய கொல்லம் ஆண்டு என் கடிகாரத்தின் முதுகில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

செதுக்கிய தேதி எதை மெய்ப்பிக்கிறது? அந்நாளில் கடிகாரம் இருந்தது என்பதை மட்டுமே. முப்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த கடிகாரத்தில் பின்னாளில் ஒருவர் தேதி செதுக்கியிருக்கலாம் அல்லவா? நான் இந்த வாதத்தைப் பற்றிக்கொண்டேன். பெரியவர் பின்மூடியைத் திறந்தார்.

நான்காம் சான்று உள்ளே இருந்த இயந்திரம். பேலன்ஸ் வீல் என்னும் சிறு சக்கரம் இப்புறமும் அப்புறமும் ஊசலாடுவதுதான் கடிகாரத்தின் உயிர். அக்காலக் கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 18,000 முறை துடிக்கும். அதன் அச்சின் முனை தலைமயிரை ஒத்த மெல்லியது. மாணிக்கக் கல்லில் துளைத்த குழியில் சுழல்வது. கடிகாரம் கீழே விழுந்தால் முதலில் முறிவது அந்த முனையே. இக்குறையைப் போக்க, கல்லைத் தாங்கும் இடத்தில் யாழ் வடிவான ஒரு நுண்வில்லை அமைக்கும் முறை சுவிட்சர்லாந்தில் தோன்றிற்று. அதிர்ச்சி ஏற்பட்டால் கல் சற்றே நகர்ந்து முனையைக் காத்துவிட்டு மீண்டும் தன் இடத்துக்கு வரும். இதற்கு "இன்காபிளாக்" என்று பெயர். இது வழக்குக்கு வந்தது 1934ஆம் ஆண்டில். பெரியவர் உருப்பெருக்கியை என்னிடம் கொடுத்தார். மாணிக்கக் கல்லின்மேல் அந்தச் சிறு யாழ் பொன்னிறமாக மின்னிற்று. 1917ஆம் ஆண்டுக் கடிகாரத்தில் அது இருக்க இயலாது.

ஆயினும் நான் விடவில்லை. "பழைய கடிகாரத்தில் பிற்காலத்து இயந்திரத்தைப் பொருத்தியிருக்கலாமே?" என்றேன். பெரியவர் புன்னகைத்தார். அது நல்ல கேள்வியே என்றும், பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பது இன்றும் நடக்கிறது என்றும் கூறினார். அவ்வாறு செய்தால் இயந்திரத்துக்கும் கூட்டுக்கும் இடையே சந்து தெரியும். டயலின் கால்கள் பழைய துளைகளில் அமையா. சாவி கொடுக்கும் திருகின் தண்டு துளைக்கு நேரே நில்லாது. இங்கோ யாவும் ஒன்றுக்கொன்று பிறந்தவைபோல் பொருந்தியிருந்தன. ஒருகால் இயந்திரம் மாற்றப்பட்டது என்றே வைத்துக்கொண்டாலும், கூடும் காதுகளும் 1917க்கு உரியவை அல்லவே! கதையைக் காப்பாற்ற வேண்டுமானால் கடிகாரத்தின் எல்லா உறுப்பையும் நான் மறுக்கவேண்டியிருந்தது.

ஐந்தாம் சான்று மிக நுண்ணியது. பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய குறிகள் மூன்று இருந்தன. பழுதுபார்ப்போர் தாம் திறந்த நாளையும் தம் அடையாளத்தையும் அவ்வாறு கீறி வைப்பது வழக்கமாம். முதற்குறி 1951ஆம் ஆண்டினது, அடுத்தது 1958, மூன்றாவது 1966. அதற்கு முன் குறி எதுவும் இல்லை. ஒழுங்காக அணிந்த கடிகாரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து எண்ணெய் இடவேண்டும். 1917 முதல் 1951 வரை 34 ஆண்டுகள் எவரும் திறவாமலே ஓடியிருக்கும் என்பது நம்பத்தக்கதன்று.

முள்களில் பழுப்பு நிறப் பூச்சு இருந்தது. இருளில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் அது. பெரியவர் அதைத் தொடாமல், சுரண்டாமல் விட்டார்; நீங்களும் அவ்வாறே செய்யவேண்டும். அமெரிக்க நாட்டில் இப்பூச்சைத் தூரிகையால் இட்ட தொழிற்பெண்கள், தூரிகையின் முனையை உதட்டால் கூர்மையாக்கி, அதனால் நோயுற்று, 1920களில் பலர் மாண்டனர். ரேடியத்தின் ஆற்றல் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். ஒளி மங்கியது உடன் கலந்த மருந்து தேய்ந்ததனாலேயே, நஞ்சு போகவில்லை. 1960களில் ரேடியத்தை விடுத்து டிரிட்டியத்தைப் பயன்படுத்தினர். அத்தகைய டயலின் அடியில் ஆங்கில "டி" எழுத்து இருப்பதைக் காணலாம். இதுவும் காலங்காட்டும் குறியே. ஆனால் பழைய ஒளிர்முள் கடிகாரத்தை வீட்டில் திறந்து பார்க்க முயலாதீர்கள்.

இவ்வாறு இரு எல்லைகள் கிடைத்தன. இன்காபிளாக் அமைப்பு இருப்பதால் கடிகாரம் 1934க்கு முற்பட்டதாக இருக்கமுடியாது. மாசி 12 என்னும் எழுத்து இருப்பதால் 1947 பிப்ரவரிக்குப் பிற்பட்டதாகவும் இருக்கமுடியாது. இந்தப் பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குள் அது பிறந்தது. இன்ன ஆண்டு என்று இன்னும் குறுக்கிச் சொல்ல என்னிடம் சான்று இல்லை, ஆகவே சொல்லமாட்டேன். லாஞ்ஜின், ஒமேகா போன்ற நிறுவனங்களின் கடிகாரங்களாயின், இயந்திரத்தில் உள்ள வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஆண்டை அறியலாம். எல்லாக் கடிகாரத்துக்கும் அவ்வாய்ப்பு இல்லை.

கடையிலிருந்து வீடு திரும்பியபோது என் மனநிலை நன்றாக இல்லை. பாட்டனார் பொய் சொன்னாரா? அல்லது தந்தையார் புனைந்தாரா? வீட்டுச் சுவரில் பஸ்ராவில் பாட்டனார் எடுத்துக்கொண்ட நிழற்படம் ஒன்று தொங்குகிறது. அட்டையின் அடியில் அவ்வூர்ப் பெயர் அச்சாகியிருக்கிறது. ஆகவே அவர் அங்கே சென்றது உண்மை. அன்று அப்படத்தை இறக்கி, உருப்பெருக்கியால் பார்த்தேன். பாட்டனாரின் இடக்கையில் கடிகாரம் இருந்தது. நெஞ்சு படபடத்தது. ஆனால் அதன் இருபுறமும் கம்பி வளையங்கள்! வளையத்தின் ஊடே வார் நுழைந்திருப்பது தெளிவாகத் தெரிந்தது. கூடும் பெரிது. அது என் கையில் இருந்த கடிகாரமன்று. பஸ்ரா கடிகாரம் ஒன்று இருந்தது மெய், அது வேறு. இவ்வளவு காலமும் சான்று சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் சுசீந்திரத்துக்கு அப்பால் மகன் வீட்டில் இருந்த என் அத்தையைக் காணச் சென்றேன். அப்போது அவருக்கு வயது 87. கடிகாரத்தைக் கையில் கொடுத்து, "அத்தை, பாட்டாவுக்குப் பஸ்ராவில் கிடைத்த வாச்சு இதுதானா?" என்று கேட்டேன். அத்தை அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது எப்படி மக்களே இருக்கும்? அதைத்தான் பதினெட்டாம் ஆண்டிலே வித்துத் தின்னாச்சே!" என்றார்.

பதினெட்டாம் ஆண்டு என்றால் கொல்லம் 1118, கி.பி. 1942-43. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் 1942 மார்ச்சு மாதம் ரங்கூனைக் கைப்பற்றினர். திருவிதாங்கூருக்குப் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. நாட்டில் விளையும் நெல் அனைவர்க்கும் போதாது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் விளைந்த நெல் எல்லாம் விதைத்தவன் வீட்டிலேயே தங்குவதில்லை அன்றோ? குத்தகைக்குப் பயிரிட்ட பாட்டனார் வீட்டில் பதினொரு பேர் சாப்பிட வேண்டியிருந்தது. மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று நாள் கழித்தார்களாம். ஒரு கட்டத்தில் அதற்கும் வழியின்றிப் பாட்டனார் பஸ்ரா கடிகாரத்தைக் கொண்டுபோய் விற்று நெல் வாங்கி வந்தாராம். அப்போது அத்தைக்கு வயது பதினொன்று. "அண்ணைக்கு ராத்திரி சோறு தின்னோம். அப்பா மட்டும் தின்னல்லே" என்றார் அத்தை.

பின்னர் 1122ஆம் ஆண்டில் கும்பப்பூ நன்றாக விளைந்தது. மாசி மாதம் அறுவடை முடிந்து, கடனும் தீர்ந்து, கையில் சிறிது பணம் எஞ்சிற்று. பாட்டனார் கடிகாரம் ஒன்று வாங்கி, பின்னால் நாளைச் செதுக்கச் செய்தார். "பஸ்ரா வாச்சு போன இடத்துக்கு வந்த வாச்சு" என்று வீட்டில் சொல்வார்களாம். சொல்லிச் சொல்லி அத்தொடர் குறுகிற்று. விற்ற கதையைப் பிள்ளைகளிடம் எவரும் பேசவில்லை. வறுமையைப் பேசுவது கௌரவக் குறைவு என்று கருதிய காலம் அது. இறுதியில் "பஸ்ரா வாச்சு" என்னும் பெயர் மட்டும் நின்றது. வெள்ளைக்கார அதிகாரியின் பாராட்டு நினைவில் தங்கியது. பதினொரு வயிறுகளின் பசி மறைந்துபோயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். அத்தையின் சொல்லும் வாய்மொழியே. அதனையும் ஆராயாமல் ஏற்றல் ஆகாது. கடிகாரம் எனக்கு அறிவிப்பது 1934 முதல் 1947 வரை என்னும் எல்லையை. நிழற்படம் அறிவிப்பது வேறொரு கடிகாரம் இருந்தது என்பதை. செதுக்கிய எழுத்து அறிவிப்பது மாசி மாதத்தை. அது கும்பப்பூ அறுவடைக் காலம். இம்மூன்றும் அத்தையின் சொல்லோடு முரணாமல் நிற்கின்றன. ஆகவே அதனை ஏற்கிறேன். பஸ்ரா கடிகாரத்தை விற்றதற்கு எழுத்துச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. இது மெய்ப்பிக்கப்பட்டது, இது நம்பத்தக்கது என இரண்டையும் பிரித்துச் சொல்வது வரலாறு எழுதுவோன் கடமை.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பழைய கடிகாரம் இருக்கக்கூடும். இம்முறையை அதில் பயின்று பாருங்கள். எச்.எம்.டி. என்னும் பெயர் இருந்தால் அது 1961க்கு முற்பட்டதன்று. ஏனெனில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் அந்நிறுவனம் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது அவ்வாண்டில்தான். அக்கடிகாரத் தொழிற்சாலைகளை மூடுவதென 2016இல் முடிவாயிற்று. மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரமாயின், 1969 டிசம்பரில் ஜப்பானில் சீக்கோ நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொணர்ந்ததற்கு முன் அது இருக்க வழியில்லை. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் நம் ஓசூரில் ஆலை அமைத்தது. அப்பெயருடைய கடிகாரம் அவ்வாண்டுக்குப் பிற்பட்டதே. ஒரு பொருளில் உள்ள உறுப்புகளுள் காலத்தால் மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அந்தப் பொருள் இன்றைய வடிவில் இருந்திருக்காது. இந்த ஒரு விதி போதும். கடிகாரத்துக்கும், கோயில் மண்டபத்துக்கும், ஓலைச்சுவடிக்கும் இதுவே விதி.

உங்கள் ஆராய்ச்சியில் குடும்பக் கதை பொய்த்துப்போனால், பாட்டனார்மேல் சினங்கொள்ளாதீர்கள். கதையைக் குப்பையிலும் எறியாதீர்கள். இக்கதை எவ்வாறு பிறந்தது, எதை மறைப்பதற்காக வளர்ந்தது என்று கேளுங்கள். வீட்டில் முதியோர் இருக்கும்போதே கேளுங்கள். நான் இன்னும் ஐந்து ஆண்டுகள் தாழ்த்தியிருந்தால் பதினெட்டாம் ஆண்டின் பசியை எனக்குச் சொல்ல எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

கடிகாரம் இப்போது ஓடுகிறது. நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பின்தங்குகிறது. காலையில் சாவி கொடுக்கும்போது திருத்திக்கொள்கிறேன். வகுப்பில் என் சொல்லைத் திருத்தும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை. ஆகவே இந்த வானொலி வாயிலாகச் சொல்கிறேன். என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பயின்றவர்களே, நான் காட்டிய கடிகாரம் பாக்தாத் வீழ்ந்த ஆண்டைக் கண்டதன்று. அது நாஞ்சில் நாட்டில் ஓர் உழவர் வீடு பசியிலிருந்து மீண்ட ஆண்டைக் கண்டது. உங்கள் குறிப்பேடுகளில் திருத்திக்கொள்ளுங்கள். எங்கே எழுதியிருக்கிறது என்று அன்று கேட்ட பெண்ணே, நீ எங்கிருந்தாலும் கேள்: பின்மூடியில் எழுதியிருந்தது அம்மா. நீ திருப்பிப் பார்த்தாய், நான் பார்க்கவில்லை. உன்னை உட்கார் என்று சொன்னதற்காக இந்த ஆசிரியனை மன்னித்துக்கொள்.